ட்ரிம்பாக் பாட்டிலும் அல்சாஸ் சாப்பாடும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், வோஸ்ஜ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே நாடா விரித்தது போலக் கிடக்கிறது அல்சாஸ். அங்கே ரிபோவில்லே என்ற சிற்றூரில் இருக்கிறது ட்ரிம்பாக் குடும்பத்தின் ஒயின் வீடு. 1626ஆம் ஆண்டிலிருந்து தங்கள் கணக்கைத் தொடங்குகிறார்கள். இன்றும் நிர்வாகம் அதே குடும்பத்தின் கையில்தான். ஒயினுக்கே புதியவர்களை இந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் இவர்கள் செய்யும் ஒயினில் இனிப்பு நாக்கில் தட்டாது. புது மரப்பீப்பாயின் வாசனையும் கிடையாது. திராட்சையின் புளிப்பும் மணமும் மறைப்பில்லாமல் முன்னால் வந்து நிற்கும். அதனால் எந்தச் சாப்பாட்டோடு சேர்கிறது, எதோடு முரண்டு பிடிக்கிறது என்பதை நாக்கு சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் புளிப்பைத்தான். பொரித்த மீன் மேல் எலுமிச்சை பிழிகிறோம் அல்லவா? கொழுப்பின் பிசுக்கை அறுத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது அது. ரீஸ்லிங் செய்வதும் அதே வேலை. வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை ஒயின், சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று எங்கும் சொல்லித்தரும் சூத்திரம் அல்சாஸில் செல்லுபடியாகாது. புகையூட்டிய பன்றி இறைச்சி, தொத்திறைச்சி, வாத்து எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் வெள்ளை ஒயினைத்தான் எடுக்கிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு மூன்றை மட்டும் பாருங்கள்: உணவில் கொழுப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு.

இந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? மேற்கிலிருந்து வரும் மழையை வோஸ்ஜ் மலை தடுத்துவிடுவதால் அல்சாஸ் மழை மறைவுப் பகுதி. பக்கத்திலுள்ள கொல்மார் நகரம் பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களில் ஒன்று. இலையுதிர் காலம் நீண்டு, பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வருவதால் திராட்சை பழுத்தாலும் புளிப்பை இழப்பதில்லை. அதற்கு மேல் ட்ரிம்பாக் வீட்டின் முடிவு ஒன்று: மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தலை இவர்கள் நடக்கவிடுவதில்லை. மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளின் புளிப்பு. லாக்டிக் அமிலம் மோரின் மென்மையான புளிப்பு. ட்ரிம்பாக் ரீஸ்லிங் பச்சை ஆப்பிளைக் கடித்தது போல இருப்பது இதனால்தான்.

படி 1: லேபிளைப் படித்தல்

பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் லேபிளில் ஊர்ப் பெயர்தான் இருக்கும். அல்சாஸில் திராட்சையின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். இது புதியவர்களுக்குப் பெரிய உதவி. ரீஸ்லிங் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது முழுக்க ரீஸ்லிங். ஒரு விதிவிலக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்: பீனோ பிளாங் என்று எழுதிய பாட்டிலில் ஓக்செருவா என்ற திராட்சையும் கலந்திருக்கச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து இனிப்பு. அல்சாஸ் வெள்ளை ஒயின் வாங்கியவர்கள் நெடுநாள் புலம்பியது இதைப் பற்றித்தான்: ஒரே திராட்சை, ஒரே விலை, ஒரு பாட்டில் இனிக்கிறது, இன்னொன்று இனிக்கவில்லை. 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் சொல்வது கட்டாயம். செக் என்றால் இனிப்பில்லாதது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் இருக்கும், புளிப்பு அதிகமாக இருந்தால் 9 கிராம் வரை போகலாம். தெமி-செக் என்றால் இலேசான இனிப்பு. முவால்லே என்றால் 12 முதல் 45 கிராம் வரை. தூ என்றால் அதற்கும் மேல். சாப்பாட்டோடு குடிக்க வாங்குபவர் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்தால் பாதித் தவறு அங்கேயே தவிர்ந்துவிடும்.

வாந்தாஞ்ஜ் தார்தீவ் என்று இருந்தால் தாமதமாக அறுத்த, நன்கு பழுத்த திராட்சை. செலெக்சியோன் த க்ரேன் நோப்ல் என்று இருந்தால் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய மணிகளைப் பொறுக்கியெடுத்துச் செய்தது. தேனைப் போல அடர்த்தியாக இருக்கும். முதலாவதில் இனிப்புக் குறைந்தவையும் உண்டு. இவற்றைத் தெரியாமல் வாங்கி மீனோடு வைத்தால் மீனும் ஒயினும் வீணாகும்.

படி 2: எதை வாங்குவது

மூன்று பாட்டில் போதும்.

முதலாவது, மஞ்சள் லேபிள் ஒட்டிய அடிப்படை ரீஸ்லிங். இந்த வீட்டின் அளவுகோல் இதுதான். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஈரக்கல்லின் வாசனை; வாயில் வைத்ததும் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும்.

இரண்டாவது, கெவுர்ட்ஸ்ட்ராமினர். பெயரின் முன்பாதிக்கு ஜெர்மன் மொழியில் மசாலாப் பொருள் என்று அர்த்தம். மூக்கில் வைத்தால் பன்னீர், லிச்சிப் பழம், கொஞ்சம் இஞ்சி. ரீஸ்லிங்கைவிடப் புளிப்புக் குறைவு, வாயில் கனமாக இருக்கும், ஆல்கஹாலும் கூடுதல். மணம் இனிப்பாக இருப்பதால் ஒயினும் இனிக்கும் என்று மூளை முடிவு கட்டிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் உண்மையில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பீனோ பிளாங் அல்லது பீனோ க்ரீ. காய்கறி, முட்டை, வெங்காயப் பண்டம் என்று எளிய சாப்பாடு என்றால் பீனோ பிளாங். காளான், வறுத்த கோழி, வாத்து என்றால் பீனோ க்ரீ. பழைய பாட்டில்களில் தோக்கே என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அதுவும் பீனோ க்ரீதான். ஹங்கேரியின் தோக்காய் ஒயினோடு பெயர் மோதியதால் 2007இலிருந்து அந்தப் பெயரைப் போடக்கூடாது.

இவற்றோடு பழகிய பிறகு குவே ஃப்ரெடெரிக் எமில். ஒயின் வீட்டின் பின்னாலேயே எழும் சரிவுகளில், கைஸ்பெர்க், ஓஸ்டெர்பெர்க் என்ற இரண்டு கிராண்ட் க்ரூ (உயர்தரம் என்று சட்டம் அங்கீகரித்த) தோட்டங்களில் விளைந்த ரீஸ்லிங் இது. பாட்டிலில் அடைத்தபின் சில ஆண்டுகள் கிடங்கிலேயே வைத்திருந்துதான் விற்கிறார்கள். உச்சியில் இருப்பது க்லோ சான்த் ஊன். பக்கத்து ஊரான ஊனாவீரில், ரோசாக்கர் என்ற சுண்ணாம்பு மண் தோட்டத்துக்குள் 1.67 ஹெக்டேர் மட்டும். அதன் ஒரு பாட்டில் விலையில் அடிப்படை ரீஸ்லிங் சுமார் பத்து வாங்கலாம். இளமையில் திறந்தால் இறுகிப்போய்ப் பேசாமல் இருக்கும். அறுவடையிலிருந்து பத்து ஆண்டுகளாவது ஆகட்டும். முதல் பாட்டிலாக இதை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. தவறு ஒயினிடம் இல்லை, அவசரத்தில் இருக்கிறது.

படி 3: குளிர்ச்சி

வீட்டில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். குளிர்பதனப் பெட்டி 4 அல்லது 5 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும். அடிப்படை ரீஸ்லிங்குக்கும் பீனோ பிளாங்குக்கும் 8 முதல் 10 டிகிரி, கெவுர்ட்ஸ்ட்ராமினருக்கு 10, ஃப்ரெடெரிக் எமிலுக்கும் க்லோ சான்த் ஊனுக்கும் 10 முதல் 12. பெட்டியிலிருந்து எடுத்து 20 நிமிடம் மேசையில் வைத்தால் சரியாக இருக்கும். கோடை வெப்பமுள்ள அறை என்றால் 10 நிமிடம் போதும்.

அவசரமாகக் குளிரவைக்க வேண்டுமானால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர். வெறும் ஐஸில் புதைத்தால் கட்டிகளுக்கு இடையே காற்று இருப்பதால் குளிர் பாட்டிலுக்கு ஏறாது. தண்ணீர்தான் கண்ணாடியை முழுக்கத் தொடுகிறது. கழுத்துவரை மூழ்கியிருந்தால் 20 நிமிடத்தில் தயார். உறைபெட்டியில் வைத்துவிட்டு மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளிவிடும்.

படி 4: திறந்து முகர்தல்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மேலே உள்ள வெற்றிடம் மணம் தங்குவதற்கு. 125 மில்லி வீதம் ஊற்றினால் 75 சென்டிலிட்டர் பாட்டிலில் ஆறு பேருக்கு வரும்.

முகரும்போது மூன்று விஷயங்கள் புதியவர்களைப் பயமுறுத்தும். அவற்றில் ஒன்றுதான் உண்மையான கெடுதல்.

கார்க்கின் அடியிலோ பாட்டிலின் அடியிலோ கண்ணாடித் தூள் போல மின்னும் படிகங்கள்: கெடுதல் இல்லை. திராட்சையின் டார்டாரிக் அமிலம் குளிரில் உப்பாகப் படிந்தது. பேக்கிங் பவுடரில் சேரும் பொருள்தான் அது. பாட்டிலை அசைக்காமல் ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

மண்ணெண்ணெய் வாசனை: இதுவும் கெடுதல் இல்லை. வெயிலில் நன்கு பழுத்த ரீஸ்லிங் பாட்டிலில் முதிரும்போது டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சேர்மம் உருவாகிறது. ஐந்தாறு ஆண்டு கடந்த ஃப்ரெடெரிக் எமிலில் இது இலேசாக எட்டிப்பார்க்கும். முதலில் முகம் சுளிப்பவர்கள்கூட, புகையூட்டிய மீனோடு ஒருமுறை சேர்த்துப் பார்த்தால் இந்த வாசனையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, பழத்தின் மணம் அறவே இல்லை: இதுதான் கெடுதல். கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மம் ஒயினைக் கெடுத்துவிட்டது. காற்றில் வைத்திருந்தாலும் சரியாகாது, நேரம் போகப்போக வாசனை மோசமாகும். உணவகம் என்றால் தயங்காமல் வேறு பாட்டில் கேளுங்கள். அது வழக்கம்தான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: மேசையில் சேர்த்தல்

தார்த் ஃப்ளாம்பேயில் தொடங்குங்கள். அல்சாஸ் மொழியில் ஃப்ளாமெகூஷ. விறகு அடுப்பில் ரொட்டி சுடும் முன், சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய மாவுத் தட்டைத் தீ அடங்குவதற்குள் உள்ளே தள்ளுவார்கள். அதிலிருந்து வந்த பண்டம். இதில் கொழுப்பு, உப்பு, வெங்காயத்தின் இனிப்பு மூன்றும் இருப்பதால் பீனோ பிளாங்கையும் ரீஸ்லிங்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

30 செ.மீ. அளவில் இரண்டு செய்ய: மைதா 250 கிராம், தண்ணீர் 125 மில்லி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஈஸ்ட் வேண்டாம். பிசைந்து மூடி அரை மணி நேரம் வையுங்கள். ஓய்வெடுக்காத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். மேலே பூச க்ரெம் ஃப்ரெஷ் (இலேசாகப் புளித்த கெட்டி க்ரீம்) 100 கிராம், ஃப்ரொமாஜ் பிளாங் (மென்மையான புதுப் பாலாடைக்கட்டி) 100 கிராம், மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். ஃப்ரொமாஜ் பிளாங் கிடைக்காவிட்டால் புளிக்காத தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு எடுத்தது போதும். நடுத்தர வெங்காயம் இரண்டு, சீவிய புகைப் பன்றி இறைச்சி 150 கிராம். சைவமாகச் செய்ய இறைச்சிக்குப் பதில் காளானை வதக்கி, ஈரம் வற்றிய பின் போடுங்கள்.

அடுப்பை 250 டிகிரியில் வைத்து, உள்ளே ஒரு கனமான தட்டைக் கவிழ்த்து முழுசாக அரை மணி நேரம் சூடாக்குங்கள். மாவை 2 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, ஓரத்தில் ஒரு விரல் விட்டுப் பூசி, வெங்காயமும் இறைச்சியும் தூவி, அந்தச் சுடும் தட்டின் மேல் தள்ளுங்கள். 8 முதல் 10 நிமிடம். ஓரங்களில் கருப்புப் புள்ளிகள் விழுந்து, நடுவில் குமிழி அடங்கியதும் எடுங்கள்.

நடுப்பகுதி சொதசொதவென்று வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: வெங்காயம் தடிமனாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது தட்டு சூடேறுவதற்குள் அவசரப்பட்டிருப்பீர்கள். வெங்காயம் எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். கையால் சுருட்டிச் சாப்பிடும் பண்டம் இது, ஆறினால் தோலாகிவிடும். ஒரு வாய் சாப்பிட்டு பீனோ பிளாங் குடியுங்கள்: சுவை வட்டமாக, இணக்கமாக இருக்கும். அடுத்த வாய்க்கு ரீஸ்லிங்: வாயில் பூசியிருந்த க்ரீமை வழித்தெடுத்தது போல இருக்கும். இரண்டுமே சரிதான். எது பிடிக்கிறது என்பதிலிருந்து உங்கள் நாக்கின் பழக்கம் தெரியும்.

மீனுக்கு அடிப்படை ரீஸ்லிங். ஆற்று மீன்களை ரீஸ்லிங்கிலும் க்ரீமிலும் வேகவைக்கும் மாத்லோத், வெண்ணெயில் வறுத்த ட்ரவுட், சிப்பி எல்லாம் இதில் அடங்கும். க்ரீம் சாஸ் கனமாக இருந்தால், கையில் இருக்கும் நாளில் ஃப்ரெடெரிக் எமில். மூன்று வகை இறைச்சியை வெள்ளை ஒயினில் ஒருநாள் ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு மண்சட்டியில் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்துச் சுடும் பேக்கஓஃபவுக்கு பீனோ க்ரீயும் சேரும், ரீஸ்லிங்கும் சேரும்.

அஸ்பாரகஸ் தந்திரமான காய். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பெரும்பாலான ஒயின்களை உலோகச் சுவையாக்கிவிடும். வசந்த காலத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் வரும்போது அல்சாஸ்காரர்கள் முஸ்கா என்ற திராட்சையின் இனிப்பில்லாத ஒயினைத்தான் திறக்கிறார்கள்.

இனி முன்ஸ்தெர் பாலாடைக்கட்டி. வோஸ்ஜ் மலைப் பசுக்களின் பாலில் செய்து, மேல்தோலை உப்புநீரால் திரும்பத் திரும்பக் கழுவிப் பதப்படுத்துவது. வாசனை அறையையே நிரப்பும். சுவையோ அவ்வளவு கடுமை இல்லை. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்து, வேகவைத்த உருளைக்கிழங்கோடு, மேலே சீமைச் சோம்பு தூவிப் பரிமாறுங்கள். இதற்கு ரீஸ்லிங் தாங்காது; பாலாடைக்கட்டியின் உப்பு அதை வெறும் புளித்தண்ணீராக்கிவிடும். கெவுர்ட்ஸ்ட்ராமினர்தான் ஈடுகொடுக்கும். சீமைச் சோம்பும் அந்த ஒயினின் மசாலா மணமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதை ஒரே வாயில் உணரலாம். சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டி என்று பழகியவர்களின் எண்ணம் அந்த இடத்தில் மாறும்.

மிளகாய்க் காரத்துக்கு கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று இந்திய உணவகங்களின் பட்டியல்களில் அடிக்கடி பார்க்கலாம். அது பாதி உண்மை. பட்டை, ஏலம், இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்ந்த மிதமான குருமாவுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும். இந்த ஒயினில் அது 13, 14 சதவீதத்தைத் தொடும். காரம் கடுமையாக இருந்தால் தெமி-செக் என்று எழுதிய, ஆல்கஹால் குறைந்த ஒன்றைப் பாருங்கள்.

சேராதவற்றையும் சொல்லிவிடலாம். வினிகர் ஊற்றிய சாலட் எந்த ஒயினையும் மழுங்கடிக்கும். இனிப்புப் பண்டத்தோடு செக் ரீஸ்லிங் வேண்டவே வேண்டாம்: பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் மெலிந்து கசக்கும். பாதாம் பதித்த கூகல்ஹோஃப் கேக்குக்கு வாந்தாஞ்ஜ் தார்தீவ் எடுங்கள். நுரைக்கும் க்ரெமான் த அல்சாஸை விருந்தின் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இரவில் பலவற்றைத் திறந்தால் வரிசை முக்கியம்: பீனோ பிளாங், ரீஸ்லிங், பீனோ க்ரீ, கெவுர்ட்ஸ்ட்ராமினர், கடைசியில் இனிப்பு. தலைகீழாகப் போனால் கெவுர்ட்ஸ்ட்ராமினரின் பன்னீர் மணத்துக்குப் பிறகு ரீஸ்லிங் தண்ணீராகத் தெரியும். ரிபோவில்லேக்கே போய்ச் சுவைப்பதாக இருந்தால் துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்; தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். பிரான்சில் வண்டி ஓட்டுபவருக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம்; புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 கிராம்.

படி 6: மிச்சம்

கார்க்கைத் திரும்பச் செருகிக் குளிரில் வைத்தால் ரீஸ்லிங் மூன்று, நான்கு நாள் தாங்கும். புளிப்பே அதற்குக் காவல். கெவுர்ட்ஸ்ட்ராமினர் இரண்டாம் நாளே மணத்தை இழக்கத் தொடங்கும். நான்காம் நாள் இரண்டு கிளாஸ் ரீஸ்லிங் மிஞ்சியிருந்தால் ஷூக்ரூத் என்ற புளித்த முட்டைக்கோஸ் பண்டம் செய்யுங்கள்.

உப்பிட்டுப் புளிக்கவைத்த சமைக்காத முட்டைக்கோஸ் 1 கிலோ. குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிப் பிழியுங்கள். அலசாவிட்டால் உப்பு தூக்கும், மூன்று தடவை அலசினால் புளிப்பே போய்விடும். கனமான சட்டியில் வாத்துக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ 2 மேசைக்கரண்டி விட்டு, இரண்டு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். முட்டைக்கோஸ், 10 ஜூனிப்பர் மணிகள், 2 கிராம்பு, ஒரு பிரியாணி இலை, புகைப் பன்றி இறைச்சி ஒரு துண்டு, ரீஸ்லிங் 250 மில்லி, அதே அளவு தண்ணீர். மூடி, சிறுதீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். உப்பு கடைசிவரை போடாதீர்கள். முட்டைக்கோஸிலும் இறைச்சியிலும் ஏற்கனவே இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தனியாக வேகவையுங்கள். புளிப்புள்ள சாற்றில் அது மெத்தென்று வேக நெடுநேரம் பிடிக்கும். தொத்திறைச்சியைக் கொதிக்காத சுடுநீரில் 15 நிமிடம் வைத்தால் போதும். தண்ணீர் கொதித்தால் தோல் வெடிக்கும்.

சட்டிக்கு நான்கு நாள் பழைய ரீஸ்லிங் தாராளமாகப் போதும். கொதியில் மணம் போய்ப் புளிப்புதான் நிற்கும், அதுதான் வேண்டும். ஃப்ரெடெரிக் எமிலை அதில் ஊற்றாதீர்கள். மேசைக்கு மட்டும் புதிதாக ஒன்றைத் திறந்து, 10 டிகிரியில் வையுங்கள்.